அசையாத கை

“வயித்துக்குள்ள இருக்க பாப்பாவை நாம தொட்டா அதுக்குத் தெரியுமாம்மா?”

ஆறு வயது முத்துராணி இதைக் கேட்டது ஐப்பசியில், மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்த ஒரு நாளில். அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சேலைக்கு மேலே வயிற்றில் ஒரு விரலை அழுத்தி, சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது.

“அதுக்கு என்னட்டி தெரியும்? இப்பதான் கத்திரிக்கா கணக்கா இருக்கும். பிறந்து வெளிய வந்தப்புறந்தான் தொட்டா தெரியும், கூப்பிட்டா தெரியும்.”

முத்துராணி விரலை எடுத்துக்கொண்டாள். கத்திரிக்காயைத் தொட்டு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

அந்தப் பதில் பிழை என்று தேன்மொழி அடுத்த மாதமே தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்ட விதம்தான் கொடியது.

அவர்கள் வீடு ஏரலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. கணவன் இசக்கிமுருகன் தோட்டங்களில் இலை அறுப்பவன். அறுத்து வந்த இலைகளை அளவு பார்த்துப் பிரித்து, மடித்துக் கட்டுவது தேன்மொழியின் வேலை. வாழைப்பால் பட்ட இடத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. காய்ந்தால் பழுப்பாகும், பிறகு கறுத்துவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. அவள் விரல் நுனிகள் பத்தும் கறுத்துக் கிடந்தன.

ஆனாலும் அந்தக் கைக்குத் தெருவில் நல்ல பேர் இருந்தது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தொட்டுத் தொடையிலிருந்து பாதம் வரைக்கும், தோளிலிருந்து விரல் வரைக்கும் நீவிவிடுவாள். நீவினால்தான் ரத்தம் ஓடும், கைகால் நேராகும் என்பது அங்கே யாரும் சந்தேகப்படாத விஷயம். கத்திக்கொண்டிருக்கும் பிள்ளை அவள் கைபட்டதும் கண் சொருகிவிடும். முத்துராணியை அப்படித்தான் வளர்த்தாள். ஊரில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கையில் தூங்கியிருந்தன.

கார்த்திகைக் கடைசியில், ஏழாம் மாதம் பிறக்கும் முன்பே, அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஏரலில் பார்த்தவர்கள் கொஞ்சமும் தாமதிக்காமல் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ எடைகூட இல்லை. பிறந்த சத்தத்தை அவள் கேட்கவில்லை. துணியில் சுற்றி மேல்மாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

முதன்முதலில் அவள் பிள்ளையைப் பார்த்தது கண்ணாடிப் பெட்டிக்குள். மூக்கில் குழாய், நெஞ்சில் கம்பிகள், காலில் ஒரு சிவப்பு விளக்கு. தோல் என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. உள்ளே ஓடும் நரம்புகள் நீலமாகத் தெரிந்தன. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பேர் இல்லை; ‘தேன்மொழி குழந்தை’ என்றுதான் இருந்தது.

எழுந்து நடக்க முடிந்ததும் உள்ளே வரச் சொன்னார்கள். டார்லின் என்ற நர்ஸ் முழங்கை வரை கழுவ வைத்தாள். விரல் நுனிகளைப் பார்த்து, மறுபடியும் தேய்க்கச் சொன்னாள்.

“வாழைக் கறை சிஸ்டர். போகாது.”

டார்லின் அந்த விரல்களைத் தன் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கறையினால் ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தால் போதும் என்று சொல்லிப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டக் கதவைத் திறந்துவிட்டாள். அதற்குள் மறுகோடியில் ஒரு மணி அடிக்கவும், தொட்டுப் பாருங்க, இதோ வாரேன் என்று அங்கே போய்விட்டாள்.

தேன்மொழி கையை உள்ளே விட்டாள். தொடு என்று சொன்னால் ஊரில் பிள்ளை வளர்த்த ஒரு பெண் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். ஒரே விரலால், தனக்குத் தெரிந்த அத்தனை மென்மையோடும், முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் நீவினாள்.

பிள்ளையின் கைகள் இரண்டும் விறைத்து விரிந்தன. முகம் சுருங்கியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ரத்தம் ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்து அவள் இன்னொரு தரம் நீவினாள்.

மேலே இருந்த திரையில் எண்கள் சரசரவென்று இறங்கின. மணி அலறியது. சிவந்து கிடந்த பிள்ளை அவள் கண்ணெதிரே நீலமாக மாறியது. டார்லின் ஓடிவந்து அவள் கையை வெளியே இழுத்தாள். பின்னாலேயே டாக்டர் வந்தார். அவர்கள் முதுகுகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தேன்மொழிக்குத் தெரியவில்லை. மூச்சு திரும்பிவிட்டது என்று யாரோ சொன்னபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கிருபைராஜ் அவளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். அவர் கோபப்படவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பிள்ளைக்கு முதலில் வருவது பார்வையும் இல்லை, காதும் இல்லை, தொடு உணர்ச்சிதான் என்று சொன்னார். கரு இரண்டு மாதமாக இருக்கும்போதே உதட்டைச் சுற்றி நரம்பு நுனிகள் வந்துவிடும். பிறகு உள்ளங்கை, உள்ளங்கால். ஐந்து மாதத்துக்குள் உடம்பு முழுவதும் பரவிவிடும்.

தேன்மொழிக்கு மகளின் விரல் நினைவு வந்தது. அன்று அந்த விரல் தொட்டது, உள்ளே இருந்ததற்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்று சொன்னவள் அவள்.

“அப்பம் ஏன் டாக்டர், நான் தொட்டதும் இப்படி ஆச்சு?”

“நரம்பு வந்துட்டு, ஆனா வேலை இன்னும் முடியலம்மா” என்றார் அவர். “நுனியெல்லாம் வெறுமனே கெடக்கு. அதுல பலதுக்கு மேல சின்னதா ஒரு உறை கட்டணும். அது பத்து மாசம் நிறைஞ்சு பிறந்த பிள்ளைக்கே இன்னும் கட்டிக்கிட்டுதான் இருக்கும். மேல தோலும் கிடையாது. மெல்லத் தடவுதது எது, குத்துதது எதுன்னு பிரிச்சுச் சொல்ல அதுக்கு இப்பத் தெரியாது. நீங்க பாசமாத்தான் நீவுனீங்க. அதுக்கு முள்ளு வச்சு இழுத்த மாதிரி இருந்திருக்கும்.”

அசையாத கை வேறு என்றும் அவர் சொன்னார். ஒரு கையைத் தலையில் கவித்து, ஒரு கையைப் பாதத்தில் அணைத்து, அப்படியே வைத்திருக்க வேண்டும். முதலில் நரம்பு கொஞ்சம் பதறும். கை அசையவில்லை என்று கண்டதும் அடங்கிவிடும். கருப்பையின் சுவருக்குள் இருப்பதுபோலப் பிள்ளை தூங்கும். நாளைக்கே அப்படி வைக்கலாம், நானே காட்டித் தருகிறேன் என்றார்.

அவ்வளவையும் தேன்மொழி கேட்டாள். ஆனால் மனதில் தங்கியது முள் என்ற ஒரு சொல்தான். மறுநாள் அவள் கண்ணாடிக்கு வெளியே, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே கூப்பிட்டபோது மாட்டேன் என்று தலையசைத்தாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

இசக்கிமுருகனின் அக்கா ஆவுடைத்தாய் ஊரிலிருந்து பார்க்க வந்தாள். கெட்டவள் அல்ல, பயம் வந்தால் குத்திப் பேசுகிறவள். சிலருக்குப் பயம் அப்படித்தான் வெளியே வருகிறது, ஆண்டவன்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

“ஊர்ப் பிள்ளையெல்லாம் நீவி எடுத்த கைன்னு தெருவே பேசிச்சே, ஏளா. பெத்த பிள்ளைக்கு அந்தக் கை ஆகலியே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இதுவும் பொட்டப்பிள்ளை. அதுக்கு இம்புட்டுப் பாடு” என்றாள்.

மதினி சொன்னதைவிட அதிகமாகத் தேன்மொழியே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆவுடைத்தாய்க்குத் தான் சொன்னது தனக்கே உறுத்தியிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, குலசாமி சாஸ்தா கோயிலுக்கு ஒரு நடை போய்வரச் சொன்னாள். கையைச் சாமி முன்னால் வைத்துத் திருநீறு வாங்கிவந்தால் குறை போகும் என்றாள். முத்துராணியும் அம்மாவைக் கேட்டு அழுகிறாள். போய்விட்டு மறுநாளே வந்துவிடலாம். தேன்மொழிக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது. கையைச் சுத்தம் செய்து கொண்டுவந்துவிடலாம். பிறகு பிள்ளையைத் தொடலாம். டாக்டர் சொன்னதற்கு அந்தப் பயணம் தேவையில்லை. பயந்த மனசுக்குத் தேவையாக இருந்தது.

அவள் ஊருக்குப் போன அன்றுதான், கோயிலுக்குக் கிளம்பும் முன்பே, அந்த மார்கழி மழை பிடித்தது.

அந்த வெள்ளத்தைப் பற்றி ஆற்றோரத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு கரையை விட்டு ஏறிவந்து வாழைத் தோட்டங்களைப் படுக்கவைத்துவிட்டு வீடுகளுக்குள் புகுந்தது. தேன்மொழியும் முத்துராணியும் கணவனும் அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் இன்னும் பல பேரோடு ஏறி நின்றார்கள். பாலம் போய்விட்டது என்றார்கள். செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை, சுற்றிலும் தண்ணீர். அவளுக்குப் பால் கட்டி மார்பு கல்லாகக் கனத்தது. சுவரோரம் திரும்பி நின்று பீய்ச்சி மழையில் விட்டாள்.

அங்கே இருந்தவர்கள் வீட்டையும் மாட்டையும் நினைத்து அழுதார்கள். அவள் ஒன்றை மட்டும் நினைத்தாள். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பதைக்கூட அவள் இரண்டாவதாகத்தான் நினைத்தாள். பிறந்ததிலிருந்து பெற்றவளிடமிருந்து அது வாங்கிய தொடுதல் ஒன்றே ஒன்று. அது முள். அந்த ஒன்றோடு அது போய்விடக் கூடாது. நல்லதாக ஒரு தரம் தொட வேண்டும். அம்மாவின் கை என்பது அதுவல்ல, இது என்று அந்தத் தோலுக்குத் தெரிய வேண்டும். சாஸ்தாவிடம் அவள் பிள்ளையின் உயிரைக் கேட்கத் துணியவில்லை. அந்த ஒரு தரத்தைக் கேட்டாள்.

தண்ணீர் இறங்கியதும் முத்துராணியைக் கணவனிடம் விட்டுவிட்டு இடுப்பளவு சேற்றில் நடந்து ஏரல் கடைத்தெருவுக்கு வந்தாள். பாத்திரக்கடை அகமது மீரான், சேற்றில் புதைந்த அண்டாக்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். விவரம் கேட்டதும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலங்களை இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு வேனை ஓடிப்போய் மறித்தார்.

“பச்சை உடம்புக்காரி, வே. பிள்ளை அங்கன கெடக்கு. பைய கொண்டுபோய் விட்டுரும்” என்று டிரைவரிடம் சொன்னார். தன் கடைக்குள் இருந்தது அவ்வளவும் போய்விட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் அவள் கால்களிலிருந்து சேறு உதிர்ந்தது. வாசலிலேயே டார்லின் அவளைப் பார்த்தாள். கேட்கும் முன்பே, இருக்கு, இருக்கு என்றாள்.

குளித்து, துணி மாற்றி, கழுவி உள்ளே போனபோது தன் பிள்ளையின் பெட்டிக்குள் ஒரு கையைப் பார்த்தாள். நர்ஸின் கை அல்ல. அந்தப் பெட்டிக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் நடுவே ஒரு ஸ்டூலில், தையல் போட்ட வயிற்றை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடது கை ஒரு பெட்டியில், வலது கை ஒரு பெட்டியில். கண்கள் மூடியிருந்தன, உதடுகள் மட்டும் அசைந்தன.

அவள் சாலோமி. ராதாபுரம் பக்கத்துக்காரி, ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். பக்கத்துப் பெட்டியில் இருந்தது அவளுடைய பையன். அதுவும் நாள் முந்திப் பிறந்ததுதான். வெள்ளத்தில் அடுத்த ஷிஃப்டுக்கு வர வேண்டியவர்கள் யாரும் வரவில்லை. ஜெனரேட்டர் நின்று நின்று ஓடியது. எல்லாப் பெட்டிகளுக்கும் இரண்டே நர்ஸ்கள். தேன்மொழியின் பிள்ளை துவண்டு துவண்டு மூச்சை நிறுத்துவதைப் பார்த்து, உங்க பிள்ளைக்குக் கை வச்ச மாதிரி இதுக்கும் கொஞ்சம் வச்சிக்கிடுங்க என்று டார்லின் கேட்டிருக்கிறாள். சாலோமி அன்றிலிருந்து எழுந்து போகவே இல்லை; சாப்பிடவும் பால் எடுக்கவும்தான் போனாள் என்று டார்லின் சொன்னாள்.

சாலோமி கண்ணைத் திறந்து, எதிரே நிற்பவளின் விரல் நுனிகளைப் பார்த்தாள்.

“நீதானா தேன்மொழி? வா, வா. உன் மவ என் கையில ஒண்ணுக்கு இருந்துட்டா. எனக்குன்னு ஒரு பய இருக்கான், அவன் பண்ணுதது போதாதுன்னு.”

தேன்மொழியால் சிரிக்க முடியவில்லை. அழவும் முடியவில்லை.

“யக்கா, நீங்க எதுக்கு...”

“கை ரெண்டு, பெட்டி ரெண்டு. ஒண்ணு சும்மாதான இருந்துச்சு” என்றாள் சாலோமி. “உன் பிள்ளைக்குப் பேரு வேற இல்ல. ஜெபம் பண்ணும்போது ‘பக்கத்துப் பெட்டி’ன்னு சொல்லித்தான் கேட்டேன். ஆண்டவருக்கு வெலாசம் தெரியாமலா போயிரும்.”

அவர்கள் பக்கத்தில் நன்றி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அத்தோடு முடிந்துபோனதாக ஆகிவிடும் என்று ஒரு கூச்சம். தேன்மொழி நின்றுகொண்டே இருந்தாள். சாலோமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்ததும் அந்தக் கை பின்னுக்கு இழுத்தது.

“வேண்டாக்கா. என் கை ஆகாது.”

“நானும் முத நாள் தடவத்தான் செஞ்சேன், ஏளா. எவதான் தடவல?” என்றாள் சாலோமி. “பைய வை. வச்சிட்டு, கைன்னு ஒண்ணு இருக்கதையே மறந்துரு.”

தன் கையை எடுக்காமலே, அதன் அடியில் தேன்மொழியின் கையை நுழைத்தாள். நுழைந்து அமர்ந்தபின் தன்னுடையதை உருவிக்கொண்டாள். பிள்ளைக்குக் கை மாறியது தெரிந்ததோ இல்லையோ, ஒரு கணம் முகம் சுருங்கி விரிந்தது. தேன்மொழி மூச்சை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். எண் இறங்கவில்லை. இன்னொரு கையைப் பாதங்களில் அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அரிசி அளவு விரல்கள் கொண்ட அந்தப் பாதம் அவள் உள்ளங்கையை மிதித்தது. மிதித்து, அப்படியே ஊன்றிக்கொண்டது.

அவளுடைய கை மரத்தது, தோள் எரிந்தது. அவள் அசையவில்லை. பிறகு வந்த நாட்களில் பகல் முழுவதும் அந்த ஸ்டூல்தான் அவள் இடம். பக்கத்து ஸ்டூலில் சாலோமி. பேச்சு அதிகம் இல்லை. சாலோமியின் வீட்டுக்காரர் ஹெப்ரான் கொண்டுவரும் சாப்பாட்டில் பாதி தேன்மொழிக்கு வந்தது. கீழே தங்கும் இடத்தில் சாலோமியின் துணிகளை அவளுக்குத் தெரியாமல் அலசிப் போட ஒருநாள் தேன்மொழி முயன்றாள். சாலோமி கண்டுபிடித்து வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். எதைச் செய்தாலும் ஈடாகாது என்று தேன்மொழிக்குத் தெரிந்தது. தான் இல்லாதபோது தன் பிள்ளை தனியாக இருக்கவில்லை. அதற்கு எதைத் திருப்பித் தர முடியும்?

ஒருநாள் காலையில் சாலோமியின் ஸ்டூல் காலியாக இருந்தது. தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டுவிட்டதென்று அவளைக் கீழே வார்டில் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் உள்ளவர்கள் பிள்ளைகள் அறைக்கு வரக்கூடாது. அன்றே தேன்மொழியின் பிள்ளைக்கும் வயிறு உப்பத் தொடங்கியது.

நாள் முந்திய பிள்ளைகளுக்குக் குடலில் வரும் நோய் என்றார் டாக்டர் கிருபைராஜ். மருந்து மாற்றினார்கள். வயிற்றின் தோல் கறுத்து மினுங்கியது. அவர் ஒளிக்கவில்லை.

“பிழைக்கிறது கஷ்டம்மா.”

“நான் நீவுனதுனாலயா டாக்டர்?”

“இல்ல.” அவர் அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க வந்து கை வச்ச பிறகு ஒருநாள்கூட அது மூச்சை நிறுத்தல. வேணும்னா எழுதினதைப் பார்த்துச் சொல்லுதேன்.”

அவள் பார்க்கச் சொல்லவில்லை.

அடுத்த நாள் பிற்பகலில், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றானபோது, அவர் குழாய்களையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பிள்ளையைத் தேன்மொழியின் வெறும் நெஞ்சில் படுக்கவைத்தார். டார்லின் சுற்றித் திரை இழுத்துவிட்டாள். இசக்கிமுருகன் பக்கத்தில் நின்றான். இலை அறுத்துக் காய்த்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனைவியின் தோளில் வைத்தான்.

தேன்மொழி நீவவில்லை. தட்டிக்கொடுக்கவில்லை. ஒரு கை தலையில், ஒரு கை பாதத்தில். நெஞ்சில் ஒட்டிய அந்தத் தோல் முதலில் ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. பாதம் ஒருமுறை ஊன்றியது. மூச்சு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. சூடு இறங்குவது மட்டும் பைய பையத் தெரிந்தது. கேட்ட ஒரு தரம் கிடைத்துவிட்டது. அதற்குமேல் கேட்காமல் விட்டோமே என்று அப்போது அவள் நினைத்தாள். பேர் வைக்காமலே பிள்ளை போய்விட்டது.

ஆவுடைத்தாய் மறுநாள் காலையில் வந்தாள். குத்திப் பேசவில்லை. தன்னுடைய நல்ல சேலை ஒன்றைக் கிழித்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள், பிள்ளையைச் சுற்றுவதற்கு. ஊர்ச் சுடுகாடு மணலும் சேறுமாக மூடிக் கிடந்ததால் பாளையங்கோட்டையிலேயே ஒரு மண்ணில் அடக்கிவிடலாம் என்று இசக்கிமுருகன் ஏற்பாடு செய்திருந்தான். பொம்பளையாட்கள் வர வேண்டாம் என்றான். அந்தச் சிறு பொட்டலத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, எதன்மேலும் இடித்துவிடாமல், கூட்டத்துக்கு நடுவே அவன் நடந்து போனதைத் தேன்மொழி வராந்தாவிலிருந்து பார்த்தாள்.

அவன் திரும்பி வந்ததும் ஊருக்குப் போக வேண்டும். தங்கும் இடத்தில் கிடந்த சாமான்களைக் கட்டி வருவதாகச் சொல்லி ஆவுடைத்தாய் போனாள். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த தேன்மொழிக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. குடிக்க யாரும் இல்லை என்பது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். சாலோமியைப் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாமா என்று நினைத்தாள். காய்ச்சலில் கிடப்பவளிடம் எதைச் சொல்வது? பக்கத்துப் பெட்டி காலியாகிவிட்டது என்றா? அந்தப் பெட்டியைப் பற்றி அவளிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் மேலே இருக்கிற பையனின் நினைப்பு வந்தது. சாலோமி கீழே வார்டுக்குப் போய் மூன்றாம் நாள். ஹெப்ரான் காய்ச்சல்காரியிடம் போய்வருகிறவர் என்பதால் அவரையும் உள்ளே விடவில்லை.

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். காலிலிருந்த செருப்பைக் கழற்றினாள். உள்ளே நுழையும் இடத்தில் அங்கி மாட்டிக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் இடுக்குகளைத் தேய்த்து, முதலிலிருந்து மறுபடியும் கழுவினாள். தன்னை யாராவது தடுத்தால் திரும்பிவிட வேண்டும் என்றுதான் எண்ணம். யாரும் தடுக்கவில்லை. வேறு ஊரிலிருந்து அப்போதுதான் ஒரு பிள்ளை வந்திருந்தது. டாக்டரும் டார்லினும் மற்றவர்களும் அறையின் மறுகோடியில் அதைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். இந்தப் பக்கம் எல்லாம் முதுகுகள்.

தன் பிள்ளையின் பெட்டியை அவள் பார்க்கவில்லை. அதைத் துடைத்துப் புது விரிப்புப் போட்டிருப்பார்கள்.

சாலோமியின் பையன் சுற்றியிருந்த துணிச்சுருளை உதைத்துத் தள்ளியிருந்தான். கைகள் வெறும் காற்றில் எதையோ தேடித் தேடி விறைத்தன. நெற்றி முழுக்கச் சுருக்கம். வாய் திறந்திருந்தது, அந்தக் கண்ணாடிக்கு வெளியே சத்தம் வரவில்லை. எண்கள் இன்னும் இறங்கத் தொடங்கவில்லை, ஆனால் ஆடிக்கொண்டிருந்தன.

தேன்மொழி வட்டக் கதவுகளைத் திறந்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். கறுத்த விரல்களை ஒரு கணம் அவன் மேலே, தொடாமல், நிறுத்தி வைத்தாள். பிறகு பைய இறக்கினாள். ஒன்று தலையில். ஒன்று பாதங்களில். அவன் பதறினான், கால்கள் அவள் கையை உதைத்தன, இன்னும் உதைத்தன. அவள் அசையவில்லை. தன் பிள்ளையைவிட இவன் கனமாக இருந்தான். தோல் கொஞ்சம் தடித்திருந்தது. இன்னும் சில வாரங்களில் இவனைத் தடவலாம் என்று நினைத்தபோது கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்கக் கையில்லை. அது பாட்டுக்கு வழிந்து தாடையில் நின்றது.

தேடிக்கொண்டிருந்த சின்னக் கைகள் ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு வந்தன. பாதங்கள் அவள் உள்ளங்கையில் ஊன்றின. நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. எண்கள் ஓரிடத்தில் நின்றன.

அவன் நன்றாகத் தூங்கும் வரை இருந்தாள். மறுகோடியில் யாரும் திரும்பவில்லை. பிறகு ஒரு கையை மட்டும் விலக்கி, துணிச்சுருளை அந்த இடத்தில் அணைத்து வைத்தாள். சற்றுப் பொறுத்து மற்றக் கையையும் எடுத்தாள். அவன் விழிக்கவில்லை. கதவுகளைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுக் கீழே இறங்கினாள்.

வராந்தாவில் ஆவுடைத்தாய் மூட்டையோடு அவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“எங்கனளா போயிருந்த? பயந்துட்டேன்.”

“கை கழுவப் போனேன், மதினி” என்றாள் தேன்மொழி.